கோல்டுஃபிஷ் மேலேயே மிதக்கிறது, தீனியை மாற்றணுமா? அவசரம்

அரும்பு (திங்கள், இரவு 10.12)
வணக்கம். எங்கள் வீட்டு கோல்டுஃபிஷ் நேற்றிலிருந்து மேலேயே மிதக்கிறது. கீழே போகப் பார்க்கிறது, உடனே பந்து மாதிரி மேலே வந்துவிடுகிறது. சிவப்புக் குச்சித் தீனிதான் போடுகிறோம். கடைக்காரர் தீனியை மாற்றச் சொன்னார், எதற்கு என்று சொல்லவில்லை. காலையில் கடைக்குப் போகணும். பையன் அழுதுகொண்டே இருக்கிறான்.

தொட்டிக்காரன் (10.20)
என்ன ரகம்? உருண்டை உடம்பா, நீள உடம்பா? தொட்டி எத்தனை லிட்டர், எத்தனை மீன்? ஃபில்டர் உண்டா? கடைசியாக எப்போது தண்ணீர் மாற்றினீர்கள்?

நிலா (10.24)
ஒரு நாளைக்கு எத்தனை வேளை, எவ்வளவு போடுகிறீர்கள் என்பதும் வேண்டும். வயிறு உப்பியிருக்கிறதா? செதில் தூக்கிக்கொண்டு நிற்கிறதா?

கடலூர்க்காரன் (10.31)
கல் உப்புப் போடுங்கள். என் மீன் எல்லாமே அதில்தான் பிழைத்தது.

தொட்டிக்காரன் (10.35)
எத்தனை லிட்டர் என்றே தெரியாமல் எவ்வளவு உப்பு என்று சொல்வீர்கள்? முதலில் தண்ணீரில் அம்மோனியா (மீன் கழிவும் மிஞ்சிய தீனியும் அழுகி வரும் நச்சு) எவ்வளவு என்று பார்க்கட்டும்.

பழைய கை (10.50)
இந்தக் கேள்விக்கு இங்கே பலமுறை எழுதியாயிற்று, யாரும் தேடிப் படிப்பதில்லை. மீனை வாங்கும் முன்பே தெரிந்திருக்க வேண்டியது இது. கோல்டுஃபிஷ் கெண்டைக் குடும்பம். அதற்கு இரைப்பையே கிடையாது, தின்றது நேராகக் குடலுக்குப் போகும். அதனால் ஒரே வேளையில் அள்ளிக் கொட்டக் கூடாது. உருண்டை ரகங்களின் உடம்பு குறுகியது, குடலும், மீன் மிதக்க உதவும் காற்றுப்பையும் நெருக்கிக்கொண்டு கிடக்கும். மிதக்கும் தீனியைக் கவ்வும்போது காற்றையும் சேர்த்து விழுங்கும். மூழ்கும் தீனி வாங்குங்கள். அதையும் ஊறவைத்துப் போடுங்கள்.

அரும்பு (11.05)
நன்றி சார். இரண்டு ஒராண்டா (உருண்டை உடம்பு ரகம்), 75 லிட்டர் தொட்டி, ஃபில்டர் ஓடுகிறது. வயிறு கொஞ்சம் உப்பல், செதில் சாதாரணமாக இருக்கிறது. குச்சித் தீனி ஒரு நாளைக்கு மூன்று வேளை. அம்மா காலையில் பொரியும் போடுவார்கள், அது கணக்கில் வருமா?

நிலா (11.08)
பொரியா! அதை முதலிலேயே சொல்லியிருக்கலாமே. கட்டாயம் நிறுத்துங்கள். முழுக்க மாவுச்சத்து, மேலேயே மிதக்கும்.

கடலூர்க்காரன் (11.15)
கோயில் குளத்து மீனெல்லாம் பொரி தின்றுதான் வளர்கிறது, ஒன்றும் ஆகவில்லை.

தொட்டிக்காரன் (11.19)
குளத்தில் பாசி, பூச்சி, புழு எல்லாம் இருக்கிறது. பொரி என்றைக்கோ வந்து விழுவது. அங்கே இருப்பது நீள உடம்புக் கெண்டை. 75 லிட்டரில் மிஞ்சும் பொரி அழுகி அம்மோனியாவாகும்.

நிலா (11.40)
அரும்பு, இப்படிச் செய்து பாருங்கள். இரண்டு நாள் எதுவும் போடாதீர்கள், பயப்பட வேண்டாம், பெரிய மீன் தாங்கும். மூன்றாம் நாள் பச்சைப் பட்டாணியை வேகவைத்து, தோலை உரித்து, நசுக்கி ஒரு துளி கொடுங்கள். உப்புப் போட்டு வேகவைக்காதீர்கள். அப்புறம் மூழ்கும் சிறு தீனிதான் அன்றாட உணவு. காலை, மாலை, இரண்டு நிமிடத்தில் தின்று தீர்க்கும் அளவு போதும். வாரத்தில் இரண்டு நாள் வெந்த கீரை, பட்டாணி. ஒருநாள் உறைந்த பிரைன் ஷ்ரிம்ப் அல்லது டாஃப்னியா (இரண்டுமே இறால் இனத்துக் குட்டி உயிரிகள்). ஒருநாள் பட்டினி. மாடியில் அசோலா (தண்ணீரில் மிதக்கும் சிறு செடி) வளர்த்தால் நன்றாகக் கழுவிப் போடலாம், கொறித்துக்கொண்டே இருக்கும். தீனியைச் சிறு பொட்டலமாக, தேதி பார்த்து வாங்குங்கள். கடையில் திறந்து, பிளாஸ்டிக் உறையில் கட்டித் தருவது வேண்டாம், வைட்டமின் போய்விடும்.

மாடித்தோட்டம் (செவ்வாய், காலை 6.30)
இவ்வளவு செலவே வேண்டாம். மாடியில் ஒரு வாளித் தண்ணீர் வையுங்கள், ஒரு வாரத்தில் கொசுப்புழு. அதைவிட நல்ல உயிருணவு இல்லை.

பழைய கை (7.02)
டெங்கு பரவும் ஊரில் கொசு வளர்க்கச் சொல்கிறீர்களா? ஏடிஸ் கொசு நல்ல தண்ணீரில்தான் முட்டையிடும். ஒருநாள் அள்ள மறந்தால் பக்கத்து வீட்டுக் குழந்தைக்குத்தான் கஷ்டம்.

மாடித்தோட்டம் (7.10)
நான் தினமும் வடிகட்டி எடுக்கிறேன் சார். வருஷக்கணக்காகச் செய்கிறேன், ஒரு கொசு பறந்ததில்லை.

பழைய கை (7.15)
நீங்கள் செய்வீர்கள். புதிதாக மீன் வளர்ப்பவர்கள் மறந்துவிடுவார்கள். இங்கே எழுதுவதை அவர்களும் படிக்கிறார்கள்.

தொட்டிக்காரன் (7.40)
இருவரும் தனி இழை திறந்து பேசுங்கள். அரும்பு, அம்மோனியா பார்த்தீர்களா? இரண்டு ஒராண்டாவுக்கு 75 லிட்டர் நெருக்கம். வாரம் ஒருமுறை மூன்றில் ஒரு பங்கு தண்ணீரை மாற்றுங்கள், குளோரின் நீக்கிய பிறகு ஊற்றுங்கள்.

தொட்டிக்காரன் (புதன், மாலை 6.15)
அரும்பு?

அரும்பு (சனி, மதியம் 2.48)
மன்னிக்கவும், ஊரில் வேலை. அம்மோனியா 0.5 இருந்தது, தண்ணீர் மாற்றினோம். இரண்டு நாள் பட்டினி, நேற்று பட்டாணி. இன்று காலை கீழே கல்லைக் கிளறிக்கொண்டிருக்கிறது. அம்மா இப்போது பொரியைக் காக்காய்க்குப் போடுகிறார்கள்.