அப்பாவின் கணினி பாஸ்வேர்ட் கேட்காமல் திறக்க வேண்டும் - விண்டோஸ் 11

தோபாயோ_மகன்:

வணக்கம். வீட்டில் ஒரு டெஸ்க்டாப் இருக்கிறது. விண்டோஸ் 11 ஹோம், மைக்ரோசாஃப்ட் கணக்கு, 6 இலக்கப் பின். அப்பாவுக்கு வயது 74. காலையில் தமிழ் முரசு படிப்பார், மீவாட்சில் வசந்தம் நிகழ்ச்சி பார்ப்பார், பேரப்பிள்ளைகளின் படங்களைப் புரட்டுவார். அதற்கு மேல் ஒன்றும் இல்லை. பின் எண்ணைச் சரியாகத்தான் அடிக்கிறார். ஆனாலும் பல நாள் தவறு என்கிறது. சில தடவைக்குப் பிறகு 'ஏ1பி2சி3' என்று அடிக்கச் சொல்கிறது. அதோடு எழுந்து போய்விடுகிறார்.

பாஸ்வேர்டையே எடுத்துவிடலாமா என்று பார்க்கிறேன். எல்லாரும் சொல்லும் நெட்பிஎல்விஸ் (பயனர் கணக்குகளை அமைக்கும் விண்டோஸ் கருவி) ஜன்னலைத் திறந்தேன். பாஸ்வேர்ட் கேட்க வேண்டுமா என்று முடிவு செய்ய அதில் இருக்க வேண்டிய டிக் பெட்டியே என் திரையில் இல்லை. இன்னொன்று, அதே கணக்கில்தான் மனைவி வங்கி வேலையும் சிங்பாஸ் (சிங்கப்பூர் அரசாங்கச் சேவைகளுக்கான மின்னிலக்க அடையாளம்) வேலையும் பார்க்கிறார். எப்படிச் செய்வது? செய்வது சரிதானா?

திருகாணி:

முதலில் ஒன்றைப் பிரித்துக்கொள்ளுங்கள். பாஸ்வேர்டை எடுப்பது வேறு, இருக்கும் பாஸ்வேர்டைக் கேட்காமல் இருக்கச் செய்வது வேறு. உங்களுக்கு வேண்டியது இரண்டாவது.

பாஸ்வேர்டை அடியோடு எடுத்து வெறுமையாக விட்டால் பின்னால் பல இடத்தில் இடிக்கும். வெறும் பாஸ்வேர்ட் உள்ள கணக்கை அந்தக் கணினியின் முன்னால் உட்கார்ந்து மட்டுமே திறக்க முடியும் என்பது விண்டோஸின் இயல்பான விதி. அதனால் இன்னொரு மடிக்கணினியிலிருந்து வைஃபை வழியாக அந்தக் கணக்கின் பெயரில் பகிர்ந்த கோப்புறைக்குள் போக முயன்றால் நுழைய விடாது. காரணம் தெரியாமல் ரவுட்டரைத் திட்டிக்கொண்டு இருப்போம். குரோமில் சேமித்த பாஸ்வேர்டுகளும் அப்படியே. பக்கத்தில் இருக்கும் கண் படத்தை அழுத்தினால் வழக்கமாக விண்டோஸ் பாஸ்வேர்டையோ பின்னையோ கேட்கும். கணக்கில் பாஸ்வேர்டே இல்லாவிட்டால் கேட்க ஒன்றும் இல்லை, நேராகக் காட்டிவிடும். மைக்ரோசாஃப்ட் கணக்கை வெறுமையாக விடவும் வழியில்லை. அதற்கு முதலில் லோக்கல் கணக்காக, அதாவது அந்தக் கணினியில் மட்டும் இருக்கும் கணக்காக, மாற்ற வேண்டும்.

டிக் பெட்டி காணாமல் போனதற்குக் காரணம் இது. செட்டிங்ஸ், அக்கவுண்ட்ஸ், சைன்-இன் ஆப்ஷன்ஸ் போங்கள். கொஞ்சம் கீழே 'ஃபார் இம்ப்ரூவ்ட் செக்யூரிட்டி' என்று தொடங்கும் வரி இருக்கும். மைக்ரோசாஃப்ட் கணக்குகளுக்கு விண்டோஸ் ஹலோ, அதாவது பின், முகம், கைரேகை மட்டும் போதும் என்று அது சொல்கிறது. அது ஆனில் இருக்கும்வரை டிக் பெட்டி வராது. ஆஃப் செய்துவிட்டு செட்டிங்ஸை மூடுங்கள். பெட்டி உடனே தென்படாவிட்டால் கணினியை ஒரு முறை மறுபடி தொடக்குங்கள்.

பிறகு விண்டோஸ் விசையோடு ஆர் அழுத்தி, ஆங்கில எழுத்தில் என்-இ-டி-பி-எல்-டபிள்யூ-ஐ-இசட் என்று இடைவெளி இல்லாமல் அடித்து என்டர். பட்டியலில் எந்தக் கணக்கு தானாகத் திறக்க வேண்டுமோ அதன் மேல் ஒரு முறை கிளிக் செய்யுங்கள். இதை விட்டுவிடாதீர்கள். அதன்பின் 'யூசர்ஸ் மஸ்ட் என்டர்' என்று தொடங்கும் வரியின் டிக்கை எடுத்து அப்ளை. சின்னப் பெட்டி வந்து பாஸ்வேர்டை இரண்டு முறை கேட்கும்.

பலர் தவறுவது இந்தப் பெட்டியில்தான். அங்கே பின் எண்ணைப் போடக் கூடாது, கணக்கின் உண்மையான பாஸ்வேர்டைத்தான் போட வேண்டும். இரண்டு கட்டத்திலும் ஒரே எழுத்துகள் இருக்கின்றனவா என்று மட்டுமே அந்தப் பெட்டி பார்க்கிறது, பாஸ்வேர்ட் சரியா என்று சோதிப்பதில்லை. தவறாகப் போட்டாலும் ஓகே சொல்லி மூடிக்கொள்ளும். அடுத்த முறை கணினி தொடங்கும்போதுதான் பெயரோ பாஸ்வேர்டோ தவறு என்று திரை நிற்கும். பின்னால் கைப்பேசியிலிருந்து பாஸ்வேர்டை மாற்றினாலும் இதே கதைதான். உள்ளே பழையது பதிந்திருக்கும். புதியதைப் போட்டு நுழைந்து, பெட்டியில் டிக்கை வைத்து அப்ளை, மறுபடி எடுத்து அப்ளை செய்ய வேண்டும்.

விண்டோஸின் அமைப்புகள் பதிந்திருக்கும் ரெஜிஸ்ட்ரியில் வின்லாகன் பகுதிக்குப் போய் டிஃபால்ட்பாஸ்வேர்ட் என்று நீங்களே ஒரு வரி சேர்க்கச் சொல்லும் காணொளிகள் நிறைய. அந்த வழி வேண்டாம். பாஸ்வேர்ட் வெறும் எழுத்தாக அங்கே கிடக்கும், அந்தக் கணினியில் கணக்குள்ள யாரும் படிக்கலாம். நெட்பிஎல்விஸ் அதை மறையாக்கித்தான் வைக்கிறது. நிர்வாகி உரிமை உள்ளவர் தோண்டி எடுக்கலாம் என்பது உண்மைதான், ஆனால் போகிற வருகிறவர் கண்ணில் படாது.

கேலாங்_அக்கா:

திருகாணி சொன்ன வழி சரி. ஆனால் தம்பி, எந்தக் கணக்கைத் தானாகத் திறக்க விடப்போகிறீர்கள் என்று யோசியுங்கள். மனைவி வங்கி வேலை பார்க்கும் கணக்கை அல்ல. அந்தக் கணக்கில் மின்னஞ்சல் எப்போதும் திறந்தே இருக்கும். மின்னஞ்சல் கையில் இருந்தால் மற்ற எத்தனையோ தளங்களின் பாஸ்வேர்டை மாற்றிவிடலாம். சிங்பாஸுக்குக் கைப்பேசி வேண்டும் என்பதால் அது கொஞ்சம் தப்பிக்கும். மற்றதற்கு அந்தக் காவல் இல்லை.

அப்பாவுக்குத் தனிக் கணக்கு போடுங்கள், ஐந்து நிமிட வேலை. செட்டிங்ஸ், அக்கவுண்ட்ஸ், அதர் யூசர்ஸ், ஆட் அக்கவுண்ட். மின்னஞ்சல் கேட்கும் இடத்தில் இவருடைய விவரம் என்னிடம் இல்லை என்ற வரியை அழுத்துங்கள். அடுத்த பக்கத்தில் மைக்ரோசாஃப்ட் கணக்கு இல்லாமல் சேர்க்கும் வரி வரும். பெயரும் பாஸ்வேர்டும் கொடுங்கள். மூன்று பாதுகாப்புக் கேள்விகளையும் கேட்கும். பதில்களை ஒரு தாளில் எழுதி வீட்டுப் பத்திரங்களோடு வையுங்கள்.

புதுக் கணக்கு ஸ்டாண்டர்ட் வகையாகத்தான் உருவாகும். அதை அட்மினிஸ்ட்ரேட்டராக உயர்த்தாதீர்கள். கணினி முழுவதையும் மாற்றும் எதையாவது நிறுவப் பார்த்தால் உங்கள் கணக்கின் பாஸ்வேர்டையோ பின்னையோ கேட்கும், அப்பா உங்களைக் கூப்பிடுவார். அதுதான் வேண்டும். பிறகு உங்கள் கணக்கில் இருந்தபடியே நெட்பிஎல்விஸ் திறந்து, பட்டியலில் அப்பா பெயரைத் தேர்ந்தெடுத்து டிக்கை எடுங்கள்.

படங்களை சி டிரைவில் யூசர்ஸ், பப்ளிக், பப்ளிக் பிக்சர்ஸ் கோப்புறையில் போட்டால் இரண்டு கணக்கிலும் தெரியும். நகல் எடுத்துப் போடுங்கள், வெட்டிப் போடாதீர்கள். உங்கள் படக் கோப்புறை மைக்ரோசாஃப்ட்டின் இணையச் சேமிப்பான ஒன்டிரைவோடு இணைந்திருந்தால், வெட்டியது மேகத்திலிருந்தும் போய்விடும்.

மோசடி பற்றியும் ஒரு வார்த்தை. பாஸ்வேர்ட் இருந்தால் மோசடிக்காரர் வர முடியாது என்று நினைக்க வேண்டாம். தொலைபேசியில் கூப்பிட்டு, 'உங்கள் கணினியில் வைரஸ்' என்று சொல்லி, தொலைவிலிருந்து இயக்கும் செயலியை இறக்க வைக்கிறார்களே, அவர்கள் வருவது கணக்கு திறந்த பிறகு. அப்படிப்பட்ட சில செயலிகள் நிறுவாமலே ஓடும், ஸ்டாண்டர்ட் கணக்கும் தடுக்காது. அப்பாவுக்குச் சொல்ல வேண்டியது ஒன்றே ஒன்று: யாராவது கூப்பிட்டு எதையாவது இறக்கச் சொன்னால் தொலைபேசியை வைத்துவிட்டு 1799-ஐக் கூப்பிடுங்கள். அந்த ஸ்கேம்ஷீல்டு உதவி எண்ணைப் பெரிய எழுத்தில் எழுதித் திரைக்குக் கீழே ஒட்டிவிடுங்கள்.

தட்டச்சு99:

இதையெல்லாம் செய்வதற்கு முன், பின் எண் ஏன் தவறுகிறது என்று பாருங்கள். தினமும் சரியாக அடித்தும் சில நாள் மட்டும் ஏற்கவில்லை என்றால் எனக்கு முதலில் சந்தேகம் வருவது நம் லாக் (எண் பலகையை இயக்கும், அணைக்கும் விசை) மேல்தான். அப்பா வலது பக்க எண் பலகையில் அடிக்கிறாரா? நம் லாக் அணைந்திருந்தால் 4 அடித்தால் இடதுபக்க அம்புக்குறி, 8 அடித்தால் மேல் அம்புக்குறி. சில எண் விழாது, கட்டத்தில் புள்ளிகள் குறைவாக இருக்கும். நாளை காலை அவர் அடிக்கும்போது பக்கத்தில் நின்று புள்ளிகளை எண்ணுங்கள். ஆறுக்குப் பதில் மூன்றோ நான்கோ விழுந்தால் காரணம் அதுதான்.

பூட்டுத் திரையில் நம் லாக்கை அழுத்தி விளக்கு எரிய வைத்து, அதே திரையின் கீழ்ப்புறப் பவர் பொத்தானில் ரீஸ்டார்ட் கொடுங்கள். பல கணினிகள் அந்த நிலையை நினைவில் வைத்துக்கொள்ளும். வைக்காவிட்டால் பயாஸில் (விண்டோஸுக்கு முன் ஓடும் அடிப்படை அமைப்புத் திரை) தொடக்கத்தில் நம் லாக் ஆன் என்ற வரி இருக்கிறதா பாருங்கள்.

பாஸ்வேர்டாக இருந்தால் தமிழ் விசைப்பலகையும் சந்தேகத்துக்குரியது. தமிழ் 99-ஐ முதல் மொழியாக வைத்திருப்பவர்களுக்குப் பூட்டுத் திரையிலும் அது வந்து நிற்கலாம். எல்லாம் புள்ளியாகத் தெரிவதால் ஆங்கிலம் விழவில்லை என்றே தெரியாது. வலது கீழ் மூலையில் மொழிக்குறியைப் பாருங்கள், விண்டோஸ் விசையோடு ஸ்பேஸ் அழுத்தி மாற்றலாம். நெட்பிஎல்விஸ் பெட்டியில் பாஸ்வேர்ட் போடும்போதும் இதைக் கவனியுங்கள். அது சோதிக்காது என்று மேலே சொல்லியிருக்கிறார்களே, இரண்டு முறையும் தமிழில் அடித்துவிட்டால் இரண்டும் பொருந்திவிடும்.

கைரேகைக் கருவி வாங்கலாமா என்று அடுத்த கேள்வி வரும் என்பதால் அதையும் சொல்லிவிடுகிறேன். வயதானவர்களின் விரல் காய்ந்து ரேகை தேய்ந்திருக்கும், கருவி பல முறை மறுக்கும். வாங்குவதாக இருந்தால் இரண்டு மூன்று விரல்களைப் பதிந்து வையுங்கள். அப்பாவின் தேவைக்குத் தனிக் கணக்கே எளிது என்பது என் கருத்து.

தோபாயோ_மகன்:

மூவருக்கும் நன்றி. புள்ளிகளை எண்ணிப் பார்த்தேன், நம் லாக்தான். இருந்தாலும் அப்பாவுக்குத் தனிக் கணக்கே போட்டுவிட்டேன். தொடங்கினால் நேராக அவர் திரைக்கு வருகிறது. ஆனால் அரை மணி நேரம் விட்டுவிட்டு வந்தால் மறுபடி பாஸ்வேர்ட் கேட்கிறது. இன்னொரு சந்தேகம்: மனைவி தன் கணக்குக்கு எப்படிப் போவது?

திருகாணி:

தானாகத் திறப்பது தொடக்கத்துக்கு மட்டும். உறக்கத்திலிருந்து எழும்போது கேட்பது வேறு அமைப்பு. அப்பா கணக்கில் இருந்தபடி சைன்-இன் ஆப்ஷன்ஸ் போய், எப்போது மறுபடி பாஸ்வேர்ட் கேட்க வேண்டும் என்ற வரியில் நெவர் வையுங்கள். ஸ்கிரீன் சேவர் போட்டிருந்தால் அதன் ஜன்னலில் 'ஆன் ரெஸ்யூம்' என்று தொடங்கும் டிக்கையும் எடுங்கள். இரண்டில் ஒன்றை விட்டாலும் கேட்கும்.

மனைவி ஸ்டார்ட் மெனுவில் கணக்குப் படத்தை அழுத்தித் தன் பெயரைத் தேர்ந்தெடுத்துப் பின் போட்டு நுழையலாம். முடித்ததும் சைன் அவுட் செய்வதோடு நிறுத்தாமல் இரவில் கணினியை முழுதாக அணைத்துவிடச் சொல்லுங்கள். சைன் அவுட் மட்டும் செய்தால் அப்பா காலையில் பூட்டுத் திரையைத்தான் பார்ப்பார். மனைவி கணக்கில் விண்டோஸ் அப்டேட் வந்து தானாக மறுபடி தொடங்கினால் அவர் பெயரிலேயே பூட்டி நிற்கக்கூடும். அவருடைய சைன்-இன் ஆப்ஷன்ஸில், அப்டேட்டுக்குப் பிறகு என் விவரத்தைக் கொண்டு தானாக அமைப்பை முடி என்ற பொருளில் ஒரு வரி இருக்கும், அதை ஆஃப் செய்யுங்கள்.

புக்கிட்பாத்தோக்_வாசகர்:

மேக்கில் இதே வேலைக்கு எங்கே போக வேண்டும்?

கேலாங்_அக்கா:

சிஸ்டம் செட்டிங்ஸ், யூசர்ஸ் அண்ட் குரூப்ஸ், தானாக நுழையும் கணக்கைத் தேர்ந்தெடுக்கும் வரி. ஃபைல்வால்ட், அதாவது மேக்கின் வட்டை மறையாக்கும் வசதி, ஆனில் இருந்தால் அதைத் தேர்ந்தெடுக்க விடாது. மடிக்கணினி என்றால் ஃபைல்வால்டை அணைக்காதீர்கள், பாஸ்வேர்டோடே இருக்கட்டும்.

மகனுக்கு ஒன்று விட்டுப்போயிற்று. செட்டிங்ஸில் பிரைவசி அண்ட் செக்யூரிட்டியில் டிவைஸ் என்கிரிப்ஷன் (விண்டோஸில் வட்டை மறையாக்கும் வசதி) ஆனில் இருக்கிறதா பாருங்கள். இருந்தால் 48 இலக்க மீட்பு எண் உங்கள் மைக்ரோசாஃப்ட் கணக்கில் இருக்கும். தட்டச்சு99 சொன்ன பயாஸ் மாற்றத்தைத் தொடுவதற்கு முன் அதை அச்சிட்டு வையுங்கள், சில மாற்றங்களுக்குப் பிறகு விண்டோஸ் அந்த எண்ணைக் கேட்டு நிற்கும். கணினியைப் பழுது பார்க்க சிம் லிம் ஸ்குவேருக்கோ வேறு கடைக்கோ கொடுக்கும் அன்று நெட்பிஎல்விஸில் டிக்கைத் திரும்ப வைத்துவிட்டுக் கொடுங்கள். இல்லாவிட்டால் பவர் பொத்தானைத் தட்டிய யாருக்கும் அப்பாவின் கணக்கும் பப்ளிக் கோப்புறையில் உள்ள குடும்பப் படங்களும் திறந்து கிடக்கும், வட்டு மறையாக்கப்பட்டிருந்தாலும்.