டேனிஷ் பங்குப் (தேவாலய வட்டாரப்) பதிவேட்டில் தகப்பன் பெயருக்கு முன் ஒரு சொல்: வாசிக்க உதவி தேவை

ஹெர்னிங் மருமகள்:
அனைவருக்கும் வணக்கம். என் கணவரின் கொள்ளுத்தாத்தாவுக்கு ஞானஸ்நானம் கொடுத்த பதிவு, டென்மார்க் தேசிய ஆவணக் காப்பகம் இணையத்தில் இலவசமாக வைத்திருக்கும் பக்கப் படங்களில் நேற்றிரவு கிடைத்துவிட்டது. பெற்றோர் பத்தியில் தாயின் பெயரை வாசிக்க முடிகிறது. அதன் கீழே ஓர் ஆண் பெயர் இருக்கிறது. அதற்கு முன் மூன்று எழுத்துகளும் ஒரு புள்ளியும் உள்ள சிறு சொல் ஒன்று நிற்கிறது. அந்தச் சொல் என்ன? தகப்பன், மகன் பிறப்பதற்கு முன்பே ரிங்கொபிங் ஃபியோர்டில் மூழ்கி இறந்த விவசாயி என்று மாமி எப்போதும் சொல்லுவார். ஞாயிற்றுக்கிழமை அவருடைய பிறந்தநாள் என்பதால் சற்று அவசரம். நன்றி.

நூலக மூலை:
எந்த ஆண்டு, எந்தப் பங்கு, எந்த ஹெர்ரெட் (வட்டம்), எந்த அம்ட் (மாவட்டம்)? பங்கின் பெயர் மட்டும் போதாது, ஏனெனில் ஒரே பெயரில் பல பங்குகள் உண்டு. தெற்கு யூலாந்து என்றால் அதையும் சொல்லுங்கள். 1864 முதல் 1920 வரை அந்தப் பகுதி டென்மார்க்கின் கையில் இல்லாததால், அங்கே தேட வேண்டிய ஏடுகளே வேறு.

ஏட்டுச்சுவடி:
படத்தை இணைக்காமல், ஆண்டைக் குறிப்பிடாமல், "மூன்று எழுத்து" என்று சொல்லிக் கேட்பவர்களுக்கு நான் இந்தக் குழுவில் எத்தனை முறை விடையளித்திருக்கிறேன் என்று எண்ணிப் பார்த்ததில்லை. முதலில் கோதிக் கையெழுத்தின் அரிச்சுவடியை எடுத்துவைத்துக்கொண்டு ஒரு வாரம் பழகுங்கள். 1875 வரை டேனிஷ் பள்ளிகளில் அந்த எழுத்துத்தான் கற்பிக்கப்பட்டது. இது கூடத் தெரியாமல் பதிவேட்டைத் திறப்பது, அகரம் தெரியாமல் கல்வெட்டின் முன் போய் நிற்பதற்குச் சமம்.

கடற்கரைக் காற்று:
தங்கையே, அது "உட்லாண்டெட்" என்பதன் சுருக்கமாக இருக்கலாம். அயல்நாடு என்று பொருள். தகப்பன் அயல்நாட்டில் இருந்தார் என்றால் நம் தரங்கம்பாடிக்கே வந்திருக்கக்கூடும்! அங்குள்ள சீயோன் ஆலயம் 1701இல் டேனியர் கட்டியது. அதன் பதிவுகளில் இவருடைய பெயரைத் தேடிப் பாருங்கள். மூழ்கிய கதை, கப்பலில் போனதைக் குடும்பத்தார் மாற்றிச் சொன்னதாக ஏன் இருக்கக் கூடாது?

ஹெர்னிங் மருமகள்:
மன்னிக்கவும், அவசரத்தில் விட்டுவிட்டேன். ரிங்கொபிங் அம்ட், ஹம்மெரும் ஹெர்ரெட். பங்கின் பெயரைப் பொதுவில் போடுவதில் என் கணவருக்கு விருப்பமில்லை. பிறந்த நாள் 24 நவம்பர் 1860. படத்தில் அந்த ஒரு வரியை மட்டும் வெட்டி இணைத்துள்ளேன். முதல் எழுத்தின் தலைமேல் பிறை போன்ற சிறு வளைவு இருக்கிறது. மை தெறித்ததோ என்று நினைத்தேன்.

ஓகூஸ் அக்கா:
அது மைத்துளி இல்லை, தங்கச்சி. கோதிக் கையெழுத்தில் "உ" ஒலிக்குரிய எழுத்தும் "ந" ஒலிக்குரிய எழுத்தும் அச்சாக ஒன்றுபோலவே இரண்டு கோடுகளாக இருப்பதால், முதலாவதைப் பிரித்துக் காட்ட எழுதுபவர் தலைமேல் அந்த வளைவைப் போடுவார். ஆகவே உங்கள் சொல் "உட்ல்." அதை விரித்தால் "உட்லாக்ட்" என்று வரும். மணமாகாத தாய், "இவர்தான் தகப்பன்" என்று யாரைக் காட்டினாரோ அவருடைய பெயருக்கு முன்னால் போதகர் இதை எழுதுவார். உங்கள் கொள்ளுத்தாத்தாவின் பெற்றோர் திருமணம் செய்தவர்கள் அல்லர்.

ஏட்டுச்சுவடி:
சரியான வாசிப்பு. தரங்கம்பாடியை 1845இலேயே டேனியர் பன்னிரண்டரை லட்சம் ரூபாய்க்கு, செராம்பூரையும் சேர்த்து, ஆங்கிலேயக் கம்பெனிக்கு விற்றுவிட்டார்கள் என்பதைக் கடற்கரைக் காற்று அவர்கள் அறிவார்கள் என்று நம்புகிறேன். 1860இல் பிறந்த பிள்ளையின் தகப்பனை அங்கே தேடுவது வீண் வேலை. குழந்தை முறைதவறிப் பிறந்தவன் என்பதுதான் பதிவின் பொருள். பதிவில் "உஎக்டெ" என்ற சொல்லும் எங்காவது இருக்கும், பாருங்கள்.

கடற்கரைக் காற்று:
விற்ற பின்பும் கப்பல் ஓடாமலா இருந்தது? ஒரு சாத்தியம் என்றுதான் சொன்னேன். ஏளனம் வேண்டாம்.

ஓகூஸ் அக்கா:
ஏட்டுச்சுவடி ஐயா, "முறைதவறி" என்று எழுதாதீர்கள். "எக்டெ" என்பது மெய்யானது என்ற பொருள் தருவதோடு திருமணத்தையும் குறிக்கும். "எக்டெஸ்கப்" என்றால் திருமணம். முன்னால் நிற்கும் "உ" எதிர்மறை. ஆகவே அந்தச் சொல்லை "மணவழி அல்லாத" என்று பெயர்த்தாலே போதும். அன்றைய டென்மார்க்கில் ஏறத்தாழப் பத்துக் குழந்தைகளில் ஒன்று இப்படித்தான் பிறந்தது. அந்த மாமி இதை வாசிக்க நேர்ந்தால் எந்தச் சொல் அவரைக் குத்தும் என்று யோசியுங்கள்.

ஏட்டுச்சுவடி:
ஆவணத்தை ஆவணமாக வாசிக்க வேண்டும். போதகர் எழுதியது 1860இன் கண்ணோட்டத்தில். அதை நம் காலத்து மென்மைக்காகப் பூசிமெழுகினால், குடும்பம் ஏன் அறுபது ஆண்டுகளுக்கும் மேலாக மூழ்கிய கதையைச் சொல்லிவந்தது என்பதே புரியாமல் போய்விடும்.

ஓகூஸ் அக்கா:
பூசவில்லை. போதகர் எழுதிய சொல்லுக்குச் சரியான பொருளைத்தான் சொன்னேன். "தவறு" அந்த டேனிஷ் சொல்லில் இல்லை, நீங்கள் சேர்த்தது.

நூலக மூலை:
இரண்டு பேருக்கும் வணக்கம். மருமகள் கேட்டது அந்தச் சொல், அது கிடைத்துவிட்டது. இனி மூழ்கிய கதையைச் சோதிக்க வேண்டும். அந்த வரியின் வலப்பக்கத்தில் உள்ள குறிப்புப் பத்தியை ஏன் வெட்டிவிட்டீர்கள்? மணமாகாத தாய் என்றால், பிறப்புக்குப் பத்து மாதங்களுக்கு முன் அவர் எங்கே இருந்தார் என்பதைப் போதகர் அங்கே எழுதியிருப்பார். உங்கள் கணக்கில் அது 1860 ஜனவரிக் கடைசி. குடிக்கணக்கு எடுத்த நாளோ 1 பிப்ரவரி 1860! வேலையாட்கள் வேலையிடம் மாறும் நாள்கள் மே 1, நவம்பர் 1 என்பதால், குளிர்காலத்தின் நடுவில் அவர் அந்தப் பண்ணையிலேயே இருந்திருப்பார். குறிப்பில் உள்ள பண்ணையின் பெயரைக் கொண்டு அந்தக் குடிக்கணக்கைத் திறந்தால், ஒரே கூரையின் கீழ் இருந்தவர்கள் எல்லோரும், வயது, பிறந்த பங்கு, வேலை உட்பட, ஒரே பட்டியலில் உட்கார்ந்திருப்பார்கள்.

இன்னொன்று. வரி மங்கலாக இருந்தால் இரண்டாம் படியைப் பாருங்கள். 1814 முதல் எல்லாப் பங்குகளிலும் ஒரே பதிவை இரு ஏடுகளில் எழுதினார்கள்: ஒன்றைப் போதகரும் மற்றதை ஆலயப் பாடகரான ஆசிரியரும் எழுதினர். தீ விபத்தில் இரண்டும் ஒன்றாக அழிந்துவிடக் கூடாது என்பதற்காக, இரண்டும் ஓர் இரவுகூட ஒரே கூரையின் கீழ் இருக்கக் கூடாது என்பது விதி. போதகரின் கிறுக்கல் புரியாத இடத்தில் ஆசிரியரின் கையெழுத்து பல தடவை என்னைக் காப்பாற்றியிருக்கிறது.

ஏட்டுச்சுவடி:
பத்து மாதக் குறிப்பைத்தான் நானும் அடுத்ததாகச் சொல்ல இருந்தேன். இதோடு படைப்பட்டியலையும் (படைச்சேவைக்கு உரிய ஆண்களின் பதிவேடு) பார்க்கவும். இளைஞராக இருந்தால் அந்த ஆணின் பெயர் அதில் இருக்கும். ஒவ்வொரு பதிவிலும் பழைய எண்ணும் புதிய எண்ணும் இருப்பதால் அவர் பங்குவிட்டுப் பங்கு மாறியதை ஆண்டுக்கு ஆண்டு தொடரலாம். இறந்தவர்களின் பெயரை அடித்துவிடுவார்கள். மூழ்கினாரா இல்லையா என்பது அங்கே தெரிந்துவிடும். ஆனால் தாய் காட்டினார் என்பதற்காகவே அவர்தான் தகப்பன் என்று எழுதிவிடாதீர்கள். பண்ணைக்காரரின் மகனைக் காப்பாற்ற வேலையாளைக் காட்டிய கதைகளும் உண்டு.

கடற்கரைக் காற்று:
அப்படியானால் மரபணுச் சோதனை செய்துவிடலாமே?

ஓகூஸ் அக்கா:
முதலில் மாமிக்கு இது வேண்டுமா என்று கேளுங்கள்.

கணிதம் கற்பிப்பவன்:
ஒரு சிறு சந்தேகம். கணவரின் குடும்பப்பெயர் தாய்வழியில் வந்ததா, காட்டப்பட்ட தகப்பனின் வழியில் வந்ததா? 1828இன் ஆணைக்குப் பிறகு நிலையான குடும்பப்பெயர் கட்டாயமாகிவிட்டது என்றாலும், கிராமங்களில் தகப்பனின் முதற்பெயரோடு "சென்" சேர்க்கும் வழக்கம் உடனே நின்றுவிடவில்லை. மருமகள் பெயர்களைச் சொன்னால் இதுவும் ஒரு தடயமாகும்.

(இதற்கு விடை வரவில்லை. நான்கு நாள்கள் கழிந்தன.)

நூலக மூலை:
மருமகள், என்ன ஆயிற்று? பண்ணையின் பெயர் கிடைத்ததா?

ஹெர்னிங் மருமகள்:
எல்லோருக்கும் நன்றி, தாமதத்திற்கு மன்னிக்கவும். ஆசிரியரின் ஏட்டில் அந்தச் சொல் முழுதாகவே இருந்தது: "உட்லாக்ட்". குறிப்புப் பத்தியில் அதே பங்கின் ஒரு பண்ணை. 1860 குடிக்கணக்கில் அந்தப் பண்ணையில் ஒன்பது பேர். வேலைப்பெண், 23 வயது, எங்கள் கொள்ளுத்தாத்தாவின் தாய். இரண்டு வரி கீழே காட்டப்பட்ட அந்த ஆண், வேலையாள், 26 வயது. பண்ணைக்காரருக்கு மூன்று மகள்களே இருந்தார்கள். அந்த ஆள் மூழ்கவில்லை. 1863இல் பக்கத்துப் பங்கில் வேறொரு பெண்ணை மணந்திருக்கிறார்.

பிறந்தநாள் விருந்தில் சொல்லவில்லை. மறுநாள் தனியாகச் சொன்னேன். மாமி நெடுநேரம் பேசவில்லை. பிறகு அந்தத் திருமணப் பதிவின் பக்கத்தை அச்செடுத்துத் தரச் சொன்னார். எடுக்கத் தெரியவில்லை; படத்தைப் பெரிதாக்கினால் ஓரம் வெட்டுப்படுகிறது. எப்படி என்று யாராவது சொல்ல முடியுமா?