இந்தோ-ஐரோப்பிய ஒப்பியல் மொழியியல்: முதுகலையில் சேரலாமா?

குப்பத்துப் பெண்:
வீட்டில் தமிழ், பள்ளியில் தெலுங்கு, சந்தையில் கன்னடமும் காதில் விழும் ஊர் எங்களுடையது. மொழியியல் படித்திருக்கிறேன். கன்னடத்தின் 'கிவி' தமிழிலும் தெலுங்கிலும் 'செவி' ஆனது ஏன் என்று தேடப்போய், சமஸ்கிருதமும் லத்தீனும் சேர்ந்த இந்தோ-ஐரோப்பிய மொழிக் குடும்பத்தில் மனம் சிக்கிவிட்டது. நெதர்லாந்தின் லெய்டனில் இதை முதுகலையில் படிக்கலாம். சமஸ்கிருதம் கொஞ்சம் தெரியும், லத்தீன் சுத்தமாகத் தெரியாது. துணியலாமா?

பாலக்காட்டு அண்ணன்:
துணியலாம் தங்கச்சி. உன் 'செவி'யே நல்ல தொடக்கம். லத்தீனில் 'க்வே', சமஸ்கிருதத்தில் 'ச'. இரண்டுக்கும் 'உம்' என்றே பொருள். சமஸ்கிருதத்தின் பழைய வடிவத்தில் எகரத்தின் முன்னால் நின்ற ககரம் சகரமானது, அப்புறம் அந்த எகரமும் அகரமாகிவிட்டது. கிவி-செவியிலும் நடந்தது இதே போன்ற இளக்கம்தான். போவதற்குள் லத்தீன் இலக்கணத்தை ஒருமுறை முடித்துவிடு. நான் அதைச் செய்யாமல் வேறோர் இடத்தில் சேர்ந்தேன். முதல் பருவம் முழுக்க வேற்றுமை உருபுகளை மனப்பாடம் செய்வதிலேயே போனது.

சித்தூர் அக்கா:
ஜெர்மனும் கொஞ்சம் படித்துக்கொள் பாப்பா. பழைய ஆய்வுகள் நிறைய அதில்தான் இருக்கின்றன.

குப்பத்துப் பெண்:
சரி அக்கா. அண்ணா, இன்றைய துருக்கியில் ஒருகாலத்தில் வழங்கி அழிந்துபோன ஹிட்டைட் மொழியையும் முன்னரே படிக்க வேண்டுமா?

பாலக்காட்டு அண்ணன்:
அதை அங்கே போய்க் கற்கலாம். இந்த மொழிகளின் மூலமொழியில் இருந்திருக்க வேண்டும் என்று மொழியியலாளர் சொசூர் 21 வயதில் கணக்குப்போட்டு ஊகித்த ஒலிகளின் தடம் ஹிட்டைட்டில் ஹகரமாக நிற்பதை 1927இல் போலந்து மொழியியலாளர் குரிவோவிச் காட்டினார். அதைப் படித்த இரவு எனக்குத் தூக்கமே வரவில்லை.