சூளைக்குள் வெடித்த யானைகள்

கேள்வி (ஒட்டுசுட்டான்): பெரியப்பா சட்டி, பானை செய்பவர். மண் பிசைய அவரிடம்தான் பழகினேன். யானையும் எருமையும் செய்வது என் சொந்தக் கிறுக்கு. போன கிழமை சூளையில் வைத்த ஏழு யானைகளில் நான்கு வெடித்துவிட்டன. ஒரு தும்பிக்கை மட்டும் சாம்பலுக்குள் முழுதாகக் கிடைத்தது. ஐந்து நாள் நிழலில் உலர்த்தினேனே, எங்கே பிழை?

இன்னொன்று, விலை. வட்டாப்பளை அம்மன் கோயில் வைகாசிப் பொங்கலுக்குக் கொண்டுபோனேன். "பானை இல்லையா, பிள்ளை?" என்றே எல்லோரும் கேட்டார்கள். 600 ரூபாய் சொன்ன எருமையை 250க்குக் கொடுத்துவிட்டு பஸ் ஏறினேன்.

பதில் 1: தங்கச்சி, வயிற்றைக் குடைந்தீர்களா? கட்டியான உடலுக்குள் ஈரம் தங்கும். சூடு 100 பாகை செல்சியஸ் தாண்டியதும் அது ஆவியாகி மண்ணைப் பிளக்கும். அரை அங்குலத் தடிப்பு விட்டுக் குடையுங்கள், அடியில் சிறு துளை போடுங்கள். உடைந்த பானையோட்டை இடித்து, சலித்து மண்ணில் கலந்தால் வெடிப்பு குறையும். முதல் சில மணிநேரம் வெறும் புகைச்சூடு போதும். அவசரப்பட்டு விறகைத் திணிக்க வேண்டாம்.

பதில் 2: பானைக்கு வந்தவரிடம் எருமையை விற்க முடியாது. கண்டி-யாழ்ப்பாணம் ஏ9 வீதியோரக் கடைகளில் இரண்டு வைத்துப் பாருங்கள். வெடித்த நான்கின் கூலியையும் விலையில் சேருங்கள்.

கேட்டவர்: குடையவில்லை, அண்ணா. பெரியப்பாவிடம் சொன்னேன், "பானை எப்போதாவது வெடித்ததா?" என்று சிரிக்கிறார்.