வெளிநாட்டு வண்டியா, உள்ளூர் வண்டியா: டெல்டா ரோட்டில் எது தாங்குது?

கோரையாறு:
மன்னார்குடி – திருத்துறைப்பூண்டி ரோடு, பங்குனி கடைசி. ரோடு எப்படிக் கிடக்கும்னு இங்க யாருக்கும் சொல்ல வேண்டியதில்லை. பாதி ரோட்டுக்கு உளுந்துக்கொடி, வண்டிச் சக்கரம் ஏறி உதிரட்டும்னு பரப்பினது. முழுசா கப்பல்ல வந்து இறங்கின ஜெர்மன் டீசல் செடான், வயிறு தரையை ஒட்டித்தான் இருக்கும். மூணு களம் தாண்டி டீக்கடையில் நிறுத்தி ரெண்டு நிமிஷம்கூட ஆகலை, அடியிலேர்ந்து புகை. குனிஞ்சு பார்த்தா, கீழ்ப் பிளாஸ்டிக் தட்டுக்கும் சைலன்சர் குழாய்க்கும் நடுவில் கொடி திணிச்சு வெச்ச மாதிரி அடைச்சுக் கிடக்கு. நடுவில் உள்ளங்கை அகலத்துக்குச் செக்கச்செவேல்னு கனல். கடைக்காரர் கிளாஸ் கழுவுற வாளியைத் தூக்கி ஊத்தினதால வண்டி பிழைச்சுது.

காரணம் தெளிவு. டீசல் வண்டியோட டிபிஎஃப், அதாவது புகைக்கரியைப் பிடிக்கிற வடிகட்டி, சேர்ந்த கரியை எரிக்கும்போது உள்ளே 600 டிகிரியைத் தொடும். ஓடிக்கிட்டிருந்தா காத்து ஆத்திடும். அந்த நேரம் பார்த்து நிறுத்தினா சூடு அங்கேயே தேங்கும். காய்ஞ்ச கொடி பத்திக்க அதில் பாதி போதும். அந்தத் தட்டு காத்தைக் கிழிச்சு ஓடவும் சத்தம் குறையவும் வெச்சது. நம்ம ரோட்டில் அது வைக்கோல் அள்ளுற முறமாயிடுது. இறக்குமதி வண்டி நம்பகமானதுன்னு சொல்றவங்க இதுக்குப் பதில் சொல்லுங்க.

மன்னை பட்டறை:
அண்ணே, கொடி மேல ஓட்டினா எந்த வண்டிக்கும் கேடுதான், இறக்குமதியை மட்டும் குத்தம் சொல்லாதீங்க. உயரமான உள்ளூர் வண்டியில் தட்டு கிடையாது, தீப்பிடிக்கிறது குறைவு, சரி. ஆனா கொடி நேராப் போய், சக்கரத்தைச் சுத்த வைக்கிற டிரைவ் ஷாஃப்ட்ல சுத்தும். சித்திரை மாசம் ஜாக்கியில் ஏறின ஒரு ஹேட்ச்பேக்கில் ஷாஃப்ட்டே தெரியலை, கயித்துப் பந்து மாதிரி இறுகியிருந்தது. அறுத்து எடுத்தா உள்ளே பூட், அதான் ஷாஃப்ட் ஜாயின்ட்டை மூடுற ரப்பர் உறை, ரெண்டு மடிப்பில் கிழிஞ்சு, கிரீஸ் பூரா வீல் உள்பக்கம் தெறிச்சுக் கிடக்கு. ஜாயின்ட்டில் மிச்சமிருந்தது மண்ணும் உமியும்தான்.

கிழிஞ்ச அன்னைக்கே பார்த்தா பூட் கிட் மட்டும் போதும். ஜாயின்ட்டைக் கழட்டி, டீசல்ல கழுவி, காத்தடிச்சு, கிட்டோட வர்ற கறுப்பு மாலிப்டினம் கிரீஸ் பாக்கெட்டை முழுசா வெச்சு கிளாம்ப் போடணும். வீல் பேரிங் கிரீஸை அடைச்சு அனுப்புற வேலை ரொம்ப நாள் நிக்காது. ஸ்டியரிங்கை முழுக்க ஒடிச்சுத் திருப்பும்போது டக் டக்னு கேட்டா ஜாயின்ட் போச்சு, பூட் மாத்தி பிரயோஜனம் இல்லை. கொடியை அறுக்கும்போது கத்தி நுனி பூட் பக்கம் போகவே கூடாது, ஷாஃப்ட்டோட நடுவில் வெச்சு வெளியே பார்த்து அறுக்கணும். களம் தாண்டினதும் வெறும் தார் ரோட்டில் நிறுத்தி அடியில் ஒரு பார்வை, அவ்வளவுதான் கேட்கிறது.

நாகை கடற்கரை:
உப்புக்காத்தைப் பத்தி யாரும் பேசலையே. நாகை, வேளாங்கண்ணி, வேதாரண்யம் பக்கம் வண்டி வெச்சிருக்கவங்களுக்கு வைக்கோல் வருஷத்தில் சில வாரம், உப்பு வருஷம் பூரா. ஒரே தெருவில் நின்ன ரெண்டு வண்டியை அடுத்தடுத்து லிஃப்ட்டில் ஏத்திப் பார்த்தது கண்ணிலேயே நிக்குது. ரெண்டுக்கும் பத்து வயசு. இறக்குமதி வண்டியில் கதவுக்குக் கீழே ஓடுற பெட்டித் தகடு தட்டினா டங்குங்குது, துத்தநாகப் பூச்சும் மெழுகும் அப்படியே இருக்கு. உள்ளூர் ஹேட்ச்பேக்கில் அதே இடத்தில் ஸ்க்ரூ டிரைவர் அப்பளத்தில் இறங்குற மாதிரி இறங்கிடுச்சு. வீல் ஆர்ச்சில் ஒட்டின வண்டல் மண் ஈரத்தை விடாம வெச்சிருக்கும், தகட்டுக்குக் கீழே தண்ணி வடியுற ஓட்டையையும் அதுவே அடைக்கும். அழுகல் உள்ளேர்ந்து வெளியே வருது, பெயின்ட் கொப்பளிக்கும்போது வேலை முடிஞ்சிருக்கும். சைக்கிள் கம்பியால் அந்த ஓட்டையை மாசம் ஒரு தடவை குத்தி விட்டாலே பாதி அழுகல் நிக்கும்.

ஆனா ஏசி விஷயத்தில் இறக்குமதிக்கு ஒரு தொல்லை. கண்டென்சர் அலுமினியம், உப்புக்கு ரெண்டு வகையிலும் பொடியாத்தான் உதிருது. புது ஐரோப்பிய வண்டிகளில் 1234ஒய்எஃப் கேஸ் இருக்கலாம். நம்ம பக்கம் பெரும்பாலான ஏசி கடையில் இருக்கிறது 134ஏ. ரெண்டுக்கும் வாய் அளவு வேற, அடாப்டர் வெச்சுக் கலந்து அடிச்சா மொத்தத்தையும் உறிஞ்சி எடுத்துத்தான் சரி பண்ணணும். பானெட் உள்பக்க ஸ்டிக்கரைப் படிச்சுட்டு கடைக்குப் போங்க.

வெட்டாறு:
எது உள்ளூர், எது வெளிநாடு? அம்பாசடரை விட உள்ளூர் வண்டி உண்டா? 2014ல உத்தரபாராவில் நிறுத்துற வரைக்கும் அதானே அடையாளம். ஆனா 1800 ஐஎஸ்இசட்னு ஓடினதில் பானெட்டுக்குள்ளே இருந்தது இசுசு டிசைன் இன்ஜின். மாருதி 800ன் 796 சிசி இன்ஜின் சுசூகியோடது. பிஎம்டபிள்யூவை 2007லேர்ந்து சிங்கப்பெருமாள்கோயில் பக்கத்தில் கோர்க்கிறாங்க. பேட்ஜைப் பார்த்து ரெண்டு கட்சியாப் பிரியுறது எனக்குச் சரியாப் படலை. வண்டி எந்த நாட்டு வெயிலுக்கும் ரோட்டுக்கும் வரைஞ்சது, பார்ட்ஸ் எந்த ஊர் கடையில் கிடைக்கும், இந்த ரெண்டுதான் கேள்வி.

குடந்தை ஒயரிங்:
வெட்டாறு சொன்ன ரெண்டாவது கேள்விக்கு எலிதான் சாட்சி. சம்பா அறுப்பு முடிஞ்சு வயல் வெறிச்சதும் எலி வீட்டுப் பக்கம் வருது, ராத்திரி சூடான இன்ஜின் மேல படுக்குது. தை மாசம் ஒரு இறக்குமதி எஸ்யூவி, டேஷ்போர்டில் எல்லா லைட்டும் எரியுது, கியர் விழலை. ஸ்கேனர் போட்டா முப்பதுக்கு மேல கோளாறு. கியர்பாக்ஸ் மாத்தணும்னு ஒரு இடத்தில் விலையே போட்டுட்டாங்க. கடைசியில் பேட்டரிக்கு அடியில் எலி கடிச்ச ரெண்டே ரெண்டு மெல்லிசு ஒயர், பக்கத்தில் நெல்லு உமி.

இதைக் கண்டுபிடிக்க மல்டிமீட்டர் போதும். பேட்டரி நெகட்டிவைக் கழட்டிட்டு அஞ்சு நிமிஷம் விடுங்க. ஸ்கேனர் சொருகுற ஓபிடி சாக்கெட்டில் 6ம் பின்னுக்கும் 14ம் பின்னுக்கும் நடுவே ஓம் பாருங்க. 60 கிட்ட வந்தா கேன் லைன், அதாவது கம்ப்யூட்டர் பெட்டிகள் ஒண்ணோட ஒண்ணு பேசிக்கிற ரெட்டை ஒயர், முழுசா இருக்கு. 120 வந்தா ஒரு முனை அறுந்திருக்கு. சுழியத்துக்குப் பக்கத்தில் வந்தா ரெண்டு ஒயரும் ஒட்டிக்கிச்சு. சில ஐரோப்பிய வண்டியில் சாக்கெட்டுக்கு அந்தப் பக்கம் கேட்வே பெட்டி ஒண்ணு குறுக்கே நிக்கும், அங்கே இந்த அளவு பொருந்தாது, பெட்டியைத் தாண்டி உள்ளே போய்ப் பார்க்கணும். ஒட்டுப் போடும்போது முறுக்கி இன்சுலேஷன் டேப் சுத்துறது கூடாது. ஈயம் வெச்சு, ஹீட் ஷ்ரிங்க் ஸ்லீவ் ஏத்தி, ரெண்டு ஒயரையும் பழையபடி ஒண்ணோட ஒண்ணு பின்னி விடணும். ஒட்டு ரெண்டும் ஒரே இடத்தில் வரக்கூடாது, ரெண்டு விரக்கடை தள்ளித் தள்ளி.

உள்ளூர் வண்டியையும் எலி விடலை. ஆனா அதே மாடல் ஒயரிங் செட் தஞ்சாவூரிலோ திருச்சியிலோ கழட்டின வண்டியிலேர்ந்தாவது கிடைக்கும். இறக்குமதிக்கு முழு செட் ஆர்டர் போட்டா கப்பல் வர்ற வரைக்கும் வண்டி திண்ணையில்தான்.

கொள்ளிடக்கரை:
யாரும் கேட்கலைன்னாலும் சொல்றேன், அடுத்த ஐப்பசி வந்துட்டா நேரம் இருக்காது. தண்ணியில் நின்னுபோன வண்டியை, எந்த நாட்டு வண்டியா இருந்தாலும், சாவி போட்டு ஸ்டார்ட் பண்ணவே கூடாது. கணக்குப் போடுங்க: 2000 சிசி நாலு சிலிண்டர் டீசல், ஒரு சிலிண்டருக்கு 500. கம்ப்ரஷன் 16க்கு 1னா பிஸ்டன் மேலே வரும்போது மிச்சமிருக்கிற இடம் 33 சிசிதான். இருமல் மருந்து மூடி ரெண்டு அளவு தண்ணி. அதுக்கு மேல உள்ளே இருந்தா தண்ணி அமுங்காது, கனெக்டிங் ராடுதான் வளையும். கஜா புயலப்போ, 2018 நவம்பர்ல, தண்ணி வடிஞ்சதும் தள்ளி ஸ்டார்ட் பண்ணிப் பார்த்த வண்டிகளுக்கு நடந்தது இதுதான்.

முதலில் பேட்டரி நெகட்டிவ். ஏர் ஃபில்டர் பெட்டியைத் திறங்க, பேப்பர் நனைஞ்சிருந்தா உள்ளே போயிருக்குன்னு அர்த்தம். பெட்ரோலில் ஸ்பார்க் பிளக்கை, டீசலில் குளோ பிளக்கை எல்லாம் கழட்டி, கிராங்க் புல்லியில் ஸ்பேனர் போட்டுக் கையால் ரெண்டு முழுச் சுத்து. தண்ணி பீய்ச்சி வெளியே வரும். ஆயில் டிப்ஸ்டிக்கில் பால்காபி நிறம் தெரிஞ்சா ஆயிலும் ஃபில்டரும் மாத்தி, கொஞ்ச நேரம் ஓடவிட்டு மறுபடியும் மாத்துங்க. கியர்பாக்ஸ் ஆயிலை மறந்துடுவாங்க, அதோட மூச்சுக்குழாய் வழியாவும் தண்ணி போகும். இறக்குமதி வண்டியில் ஒண்ணு கூடுதல்: முன்சீட்டு கார்ப்பெட்டுக்கு அடியிலும் டிக்கி ஸ்டெப்னி குழியிலும் கம்ப்யூட்டர் பெட்டி, சிலதில் பேட்டரிகூட இருக்கும். மேலே காய்ஞ்சிருந்தாலும் கார்ப்பெட்டைத் தூக்கிப் பாருங்க. அடியில் இருக்கிற பஞ்சு பத்து நாளானாலும் தண்ணியை விடாது. உப்புத்தண்ணின்னா கனெக்டர் பின்னில் பச்சை பூத்துடும், முதலில் நல்லதண்ணியில் கழுவி, அப்புறம்தான் கான்டாக்ட் கிளீனர்.

கோரையாறு:
எல்லாருக்கும் நன்றி. அந்த செடானுக்குத் தட்டு மொத்தத்தையும் கழட்டிடலாம்னு முடிவாயிருக்கு. சரிதானே?

மன்னை பட்டறை:
மொத்தத்தையும் வேண்டாம் அண்ணே. முன்தட்டு ரேடியேட்டருக்குக் காத்தைத் திருப்பி விடுது, அதைக் கழட்டினா சித்திரை வெயிலில் ஏசி போட்டு நிக்கும்போது டெம்பரேச்சர் முள் ஏறும். அலுமினியம் ஆயில் சம்ப்புக்கும் அதான் காப்பு. குழாயை ஒட்டி ஓடுற நடுத்தட்டையும் பின்தட்டையும் மட்டும் கழட்டுங்க. நட்சத்திரத் தலை திருகு, பெரும்பாலும் டி25 இல்லேன்னா டி30, கூடவே பிளாஸ்டிக் கிளிப். திருகையெல்லாம் ஒரு டப்பாவில் போட்டு வையுங்க, ஆடியில் திருப்பி மாட்டணும். குழாய்க்கு மேலே இருக்கிற வெள்ளி நிறத் தகடு சூடு தடுக்கிறது, அதை மட்டும் தொட்டுடாதீங்க.