ஃபமிலியர்: ஏவற்பேயா, அணுக்கப்பேயா?

> சூனியக்காரியின் கூடவே பூனை, தேரை, நாய் உருவில் திரியும் பேய்க்கு, அதாவது ஆங்கிலத்தில் ஃபமிலியர் (familiar) என்பதற்கு, 'ஏவற்பேய்' என்று வைத்திருக்கிறேன். ஆங்கில மறுமலர்ச்சிக் கால நாடகங்களுக்கான சொற்பட்டியலில் சேர்க்கலாமா?

வேண்டாம் ஐயா. 'ஏவல்' என்றாலே கிழவி ஏவினாள், பேய் போய்ச் செய்தது என்று ஆகிவிடுகிறது. சூனியக்காரி என்று பெண்கள்மேல் வழக்குப் போட்டவர்கள் சொன்னதும் அதைத்தான். நாடகங்கள் அப்படிச் சொல்லவில்லை.

எலிசபெத் சாயர் என்ற பெண் சூனியக்காரி என்று 1621-இல் இங்கிலாந்தில் தூக்கிலிடப்பட்டார். நாடகாசிரியர்கள் ரௌலி, டெக்கர், ஃபோர்டு மூவரும் சேர்ந்து அவர் கதையை 'எட்மண்டன் சூனியக்காரி' என்று எழுத, அந்த வருஷம் முடிவதற்குள் அது மேடையேறிவிட்டது. அதில் சாயர் சுள்ளி பொறுக்கப் போக, நிலத்துக்காரன் பேங்க்ஸ் அடித்து விரட்டுகிறான். ஊரே சூனியக்காரி என்கிறது. பேர் வாங்கியாயிற்று, அப்படியே ஆகித்தான் பார்ப்போமே என்று சபிக்கத் தொடங்குகிறாள். அப்போதுதான் கறுப்பு நாய் வருகிறது. வந்ததும் அது சொல்வது: சபிக்கும்போது கண்டுபிடித்துவிட்டேன், இனி நீ என்னுடையவள். அவள் கையில் ரத்தம் உறிஞ்சி ஒப்பந்தத்தை முடிக்கிறது. பேங்க்ஸைக் கொல்லச் சொன்னால் முடியாது என்கிறது. கடைசியில், அவள் தவித்துக் கூப்பிடும்போது, வெள்ளை நிறத்தில் வந்து சவத்துணியை நினைவுபடுத்திவிட்டுக் கைவிடுகிறது. நல்ல ஏவலாள்!

ஷேக்ஸ்பியரின் 'மக்பெத்' நாடகத்தின் முதல் காட்சியிலும் கூப்பிடுவது பூனையும் தேரையும்தான். 'இதோ வந்தேன், கிரேமால்கின்' என்று பூனைக்குப் பதில் சொல்லிக் கிளம்புவது சூனியக்காரி.

இங்கிலாந்தின் 1604 சூனியத் தடைச் சட்டமும் ஏவலோடு நிற்கவில்லை. கெட்ட ஆவியோடு கலந்து பேசினாலும், அதை வைத்துப் பராமரித்தாலும், தீனி போட்டாலும் மரணதண்டனை. தீனி போட்டதற்குச் சாட்சி எங்கே கிடைக்கும்? உடம்பில்தான். காம்பு போல ஏதாவது தொங்குகிறதா என்று சாயரைப் பெண்களை விட்டே சோதித்தார்கள். வயதான பெண்ணின் உடம்பில் ஒரு மரு இருந்தால் போதும், பேய்க்குப் பால் கொடுத்தவள் ஆகிவிடுவாள்.

அதனால் 'அணுக்கப்பேய்' என்று வைக்கலாம். நெருக்கத்தைச் சொல்கிறது, யாருக்கு யார் அடிமை என்பதை நாடகத்திடமே விட்டுவிடுகிறது.

> குட்டிச்சாத்தான் இருக்கும்போது புதுச் சொல் எதற்கு?

குட்டிச்சாத்தான் என்றால் நமக்கு ஒரு மந்திரவாதி நினைவுக்கு வருவார். பெரும்பாலும் ஆம்பிளை, காசு வாங்குபவர், ஊர் பயந்து கும்பிடும். சாயருக்கு அந்தக் கும்பிடு ஒருநாளும் கிடைக்கவில்லை.

> சரி அம்மா, ஆனால் லேடி மக்பெத் ஆவிகளை அழைக்கும்போது ஏவலர் என்றுதானே பொருள்படும்படி கூப்பிடுகிறாள்?

ஆமாம், அங்கே ஏவலர் என்றே போடுங்கள். வேலையாட்களை அதட்டியே பழகிய கோட்டைச் சீமாட்டி அவள். 'என் பெண்மையை எடுத்துவிடுங்கள், பாலை எடுத்துக்கொண்டு பித்தம் கொடுங்கள்' என்று ஆவிகளுக்கும் அதே தோரணையில் உத்தரவு போடுகிறாள். (அந்த உத்தரவைப் போட்டவன் பெண்வேடமிட்ட ஒரு பையன், அன்றைய இங்கிலாந்து மேடையில் நடிகைகள் கிடையாது.) அவளும் மார்பைத்தான் காட்டி அழைக்கிறாள், ஆனால் யாரும் அவளைச் சோதனை போடவில்லை. அவள் அழைத்த ஆவி எதுவும் உருவெடுத்து மேடைக்கு வருவதும் இல்லை. ஆகவே அது ஃபமிலியர் அல்ல, இந்தப் பதிவில் அதைச் சேர்க்க வேண்டாம்.

பட்டியலில் அணுக்கப்பேயை முதலில் போட்டு, ஏவற்பேயை வழக்கு ஆவணங்களை மொழிபெயர்ப்பவர்களுக்கு மாற்றுச் சொல்லாக வைத்துவிடலாம். எட்மண்டன் நாயை மட்டும் டாம் என்றே விடுங்கள்; சாயர் அதை அப்படித்தான் கூப்பிடுகிறாள்.