சமணர் மலையில் அம்மாவும் குணமதியாரும்

முழங்கால் வலி உள்ளவர்களைக் கூட்டிக்கொண்டு போகிற மாதிரி பழைய இடம் ஏதாவது இருக்கிறதா என்று ஒருவர் கேட்டிருந்தார். இருக்கிறது. போன தை மாசம் என் அம்மாவைக் கூட்டிக்கொண்டு கீழக்குயில்குடி சமணர் மலைக்குப் போய்வந்தேன், அம்மாவுக்கு அறுபத்தெட்டு வயது, வீட்டு மாடிப்படியே அவருக்குப் பகை.

மதுரையிலிருந்து தேனி சாலையில் போய் நாகமலைப் புதுக்கோட்டையில் திரும்பினால் கொஞ்ச தூரத்தில் ஊர் வந்துவிடும். மலையடிவாரத்தில் அய்யனார் கோயில், தாமரைக்குளம், ஆலமரங்கள். சும்மா அங்கேயே உட்கார்ந்துவிட்டு வந்தாலும் நஷ்டமில்லை. வண்டியை மரத்தடியில் விட்டோம்.

முதலில் செட்டிப்புடவு. இது மலையின் தென்மேற்குப் பக்கம், சுற்றிக்கொண்டு போக வேண்டும், ஆனால் ஏறுவதற்குப் படி இருக்கிறது. புடவு என்றால் குகை. வெளியே பாறையில் பெரிய மகாவீரர் உட்கார்ந்திருக்கிறார். அங்கே ஆடு மேய்த்துக்கொண்டிருந்த பெரியவர் எங்களைப் பார்த்ததும், "இவரு செட்டியாருங்க, காதைப் பாருங்க எம்புட்டு நீளம், கடுக்கன் போட்ட காது" என்றார். அதனால்தான் அந்தப் பெயர் என்று அவர் கணக்கு. அம்மா குனிந்து குகைக்குள் போய் மேலே பார்த்தபோதுதான் உள்ளே வளைந்த பாறையில் இருக்கும் ஐந்து சிற்பங்கள் தெரிந்தன. மூன்று தீர்த்தங்கரர்கள், அதாவது சமணர்கள் வணங்கும் குருமார்கள், இரண்டு பக்கமும் இயக்கியர், அதாவது அவர்களுக்குக் காவலான பெண் தெய்வங்கள். ஒரு இயக்கி சிங்கத்தின் மேல் உட்கார்ந்து வில்லோடு, எதிரே யானை மேல் வருகிறவனோடு சண்டை போடுகிறாள். இத்தனை அமைதியான ஆட்களுக்கு நடுவில் இவள் மட்டும் ஏன் இவ்வளவு கோபமாக இருக்கிறாள் என்று அம்மா கேட்டார், எனக்குப் பதில் தெரியவில்லை.

அப்புறம் கோயில் பக்கம் திரும்பி வந்து பேச்சிப்பள்ளம் என்ற இடத்துக்கு ஏறினோம். நான் செய்த தப்பு இங்கேதான். செட்டிப்புடவிலேயே நேரத்தைப் போக்கிவிட்டதால் பதினொன்றரை ஆகிவிட்டது, தை மாசமாக இருந்தாலும் பாறை சுட ஆரம்பித்துவிட்டது. "சாமி இருக்கிற இடம்" என்று அம்மா செருப்பைக் கீழேயே விட்டுவிட்டார், பாதியில் காலை மாற்றி மாற்றி வைத்துக்கொண்டு நின்றார், என் துண்டை விரித்து விரித்துத்தான் மிச்சப் படிகளைக் கடந்தோம். போகிறவர்கள் காலை ஏழு மணிக்கே போங்கள், தண்ணீர் எடுத்துக்கொள்ளுங்கள். படி பாறையிலேயே வெட்டியது, செங்குத்து இல்லை, நின்று நின்று ஏறினால் முழங்கால் தாங்கும்.

மேலே சுனை, அதை ஒட்டிய பாறையில் வரிசையாக எட்டுச் சிற்பங்கள். தலைக்கு மேல் பாம்பு படமெடுத்திருப்பது பார்சுவநாதர் என்ற தீர்த்தங்கரர், செடிக்கொடி சுற்றியபடி நிற்பது பாகுபலி என்ற சமணத் துறவி. கீழே வட்டெழுத்து, அந்தக் காலத்துத் தமிழ் எழுத்து. எல்லாம் சுமார் ஆயிரத்து நூறு வருஷத்துக்கு முந்தையவை. எனக்கு அது சுழி சுழியாக எறும்பு ஊர்ந்த மாதிரிதான் தெரிந்தது. நல்லவேளையாக வரலாறு படிக்கிற கல்லூரிப் பையன் ஒருவன் நோட்டோடு உட்கார்ந்திருந்தான். அம்மா விடவில்லை. "என்ன தம்பி எழுதியிருக்கு?" அவன் எழுந்து வந்து போன் வெளிச்சத்தைப் பக்கவாட்டில் சாய்த்துப் பிடித்தான், நேராக அடித்தால் எழுத்து மறைந்துவிடும், சாய்த்தால் பள்ளத்தில் நிழல் விழுந்து துலங்குகிறது. விரலால் தொடாமல் காற்றிலேயே கோடு போட்டுக்கொண்டு படித்தான்: "ஸ்ரீ அச்சணந்தி தாயார் குணமதியார் செய்வித்த திருமேனி."

அச்சணந்தி சமண முனிவர், ஆனைமலை, ஐவர்மலை, உத்தமபாளையம் என்று பல மலைகளில் அவர் பெயர் வெட்டப்பட்டிருக்கிறது என்றெல்லாம் அவன் விளக்கினான். அம்மா அதைக் காதில் வாங்கிய மாதிரி தெரியவில்லை. "துறவியாப் போனவனோட அம்மாவா?" என்றார். ஆமாம் என்றான். "மகன் மலை மலையாப் போயிட்டான், இவளும் ஏறி வந்திருக்கா பாரு, அப்ப படி ஏது" என்று சொல்லிவிட்டு அந்த எழுத்துக்கு முன்னாலேயே ரொம்ப நேரம் உட்கார்ந்துவிட்டார். அவர் அப்படிச் சொன்னது எந்தக் கல்வெட்டிலும் இல்லைதான், நான் திருத்தவும் இல்லை.

இதற்கு மேலே மாதேவிப் பெரும்பள்ளி என்ற சமணப் பள்ளியின், அதாவது துறவிகள் தங்கி வழிபட்ட இடத்தின் அடித்தளம் மட்டும் மிச்சம் இருக்கிறது, அது வெறும் பாறைச் சரிவு, அம்மாவைச் சுனையோரம் நிழலில் விட்டுவிட்டு நான் மட்டும் போய்வந்தேன். மேலிருந்து பார்க்க வயல், குளம், நாகமலை எல்லாம் நன்றாகத் தெரியும். ஆனால் சிற்பத்துக்குப் பக்கத்திலேயே எவனோ காதலி பெயரை ஆணியால் கீறி வைத்திருக்கிறான், அதைப் பார்த்த பிறகு காட்சி ஒன்றும் ரசிக்கவில்லை.

இறங்கும்போது ஏறினதைவிட நேரம் பிடித்தது. கீழே வெள்ளரிப் பிஞ்சு விற்ற அக்கா, "பேச்சியப் பாத்தீகளாம்மா?" என்று கேட்டார். அம்மா, "பேச்சியும் இருக்கா, குணமதின்னு ஒருத்தியும் இருக்கா" என்று அந்த அக்காவுக்கு ஆரம்பத்திலிருந்து கதை சொல்ல ஆரம்பித்துவிட்டார், நான் உப்பும் மிளகாய்ப்பொடியும் தூவிய நாலு பிஞ்சை முடிக்கிற வரைக்கும் அது முடியவில்லை.